நிரல் திருத்தும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மாணவர் ஒப்படைக்கும் நிரல்கள் அனைத்தும் பிழையின்றி ஓடுகின்றன என்பதையே ஒரு குறையாக எழுதி நீ வருந்தியிருப்பதை எங்கள் காலத்து உபாத்தியாயர்கள் கேட்டால் பரிகாசம் என்றே கொள்வார்கள். ஆயினும் உன் வருத்தம் நியாயமானதே. கேள்வியை அப்படியே செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ஒட்டி, அது தந்த விடையைத் தன் பெயரில் ஒப்படைத்தவனுக்கும், இரவெல்லாம் கண்விழித்துத் தானே எழுதித் தானே திருத்தியவனுக்கும் ஒரே மதிப்பெண் இடுவது அதர்மம் என்று உன் மனச்சாட்சி சொல்கிறது. இன்னார் இன்னது செய்தார் என்று பிரித்தறியும் உபாயமோ உன் கையில் இல்லை.

உங்கள் துறையில் வாங்கியிருக்கும் கண்டறியும் மென்பொருள் ஒரு மாணவனின் வேலையை எண்பது சதவிகிதம் இயந்திரத்தினுடையது என்று காட்டியதாகவும், அதைக் கொண்டு அவனுக்குப் பூஜ்யம் இடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். இடாதே. சாட்ஜிபிடியை 2022 நவம்பரில் வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனமே, இயந்திர எழுத்தை இனங்காண்பதற்கென்று 2023 ஜனவரியில் ஒரு கருவியைத் தந்து, அது இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவிகிதத்தையே சரியாகப் பிடித்ததோடு மனிதர் எழுதியவற்றில் 9 சதவிகிதத்தின் மீது வீண்பழியும் சுமத்தியபடியால், துல்லியம் போதாதென்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபெல் பரீட்சைக்கு எழுதிய கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் இத்தகைய 7 கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தபோது, சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவை இயந்திரத்தின் வேலை என்று அவை கூறின. நம் பிள்ளைகளும் அந்த வர்க்கத்தைச் சேர்ந்தவர்களே. உரைநடையிலேயே இக்கதி என்றால், யார் எழுதினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி அமையும் பத்து வரி நிரலில் என்ன பிரமாணம் கிடைக்கப்போகிறது?

ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதியதைக் காட்டிக்கொடுக்க, 1994-இல் பெர்க்லியில் அலெக்ஸ் எய்க்கன் ஆக்கிய 'மாஸ்' என்ற மென்பொருள் இன்றும் உண்டு. அதில் இரண்டு நிரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உன் கண்ணாலேயே பார்க்கலாமாகையால் அது ஓரளவு நேர்மையான சாட்சி. இப்போதைய கருவியோ கேட்கிற ஒவ்வொருவனுக்கும் வெவ்வேறு சொல்லில் விடையளிக்கிறது. ஒப்பிடுவதற்கு இரண்டாவது பிரதி இல்லை. இந்தப் போலீஸ் உத்தியோகத்தை நீ விட்டுவிடுவதே நலம்.

மேலும், கருவி வருவதற்கு முன் நம் கல்லூரிகளில் எல்லோரும் தாமே எழுதினார்கள் என்று நாம் பாசாங்கு செய்ய வேண்டியதில்லை. சீனியரின் ரெக்கார்டு நோட்டை விடுதி அறையில் விரித்துவைத்து, நிரலை மட்டுமல்லாமல் அவுட்புட்டையும் அதிலிருந்தே பார்த்து எழுதிய தலைமுறைகளுக்கு, மார்ஜின் நேராக இருக்கிறதா, தேதிவாரியாகக் கையொப்பம் இருக்கிறதா என்று பார்த்துப் பத்துக்குப் பத்து வழங்கிய சம்பிரதாயம் நம்முடையதுதான். நிரல் சரியான விடையைத் தருகிறதா என்று இயந்திரமே சோதித்துக் கூறும் ஏற்பாடு அமெரிக்காவில் 1960-இலேயே வந்துவிட்டது. விடை சரியானால் மாணவனும் சரி என்ற அனுமானம் அவ்வளவு பழையது. அந்த அனுமானத்தின் காலம்தான் இப்போது முடிந்திருக்கிறது.

டென்மார்க் தேசத்துப் பீட்டர் நௌர், வானசாஸ்திரத்திலிருந்து கணிப்பொறிக்கு வந்தவர், 1985-இல் எழுதிய ஒரு கட்டுரையில், நிரலாக்கம் என்பது வரிகளை உற்பத்தி செய்வதன்று, எதனால் அது அவ்வாறு அமைந்தது, மாற்ற வேண்டின் எங்கே கைவைக்க வேண்டும் என்பதைப் பற்றி எழுதுகிறவன் உள்ளத்தில் உருவாகும் தெளிவே என்று வாதித்தார். அத்தெளிவை உடையவர்கள் கலைந்துபோனால், நிரல் ஓடிக்கொண்டிருந்தபோதிலும் அது இறந்துவிட்டது என்பது அவர் சித்தாந்தம். உன் மதிப்பெண் அந்தத் தெளிவுக்குப் போகவேண்டும் என்பதே நான் உனக்குச் சொல்ல விரும்புவது. தாளில் இருப்பது யாருடையதாயினும் ஆகுக. அதைப் பற்றி அவன் உன்னெதிரில் என்ன செய்யக்கூடும் என்று பார்.

பைனரி தேடலையே எடுத்துக்கொள். அது முதலில் 1946-இல் அச்சேறியதென்றும், எல்லா அளவுக்கும் பிழையின்றிப் பொருந்தும் வடிவம் பல ஆண்டுகள் கழித்தே அச்சேறியதென்றும் டொனால்டு கனூத் எழுதியிருக்கிறார்; அவ்வளவு வஞ்சகம் நிறைந்த எளிமை அது. மாணவன் கொண்டுவந்த நிரலில், தேடும் பகுதியின் கீழெல்லையான 'லோ' என்பது மேலெல்லையான 'ஹை'யைவிடச் சிறியதாகவோ சமமாகவோ இருக்கும் வரை சுற்று ஓடும் என்றிருக்கும். அந்தச் சமக்குறியை மட்டும் அடித்துவிட்டு, 10, 20, 30, 40, 50 என்ற ஐந்து எண்களைத் தாளில் எழுதி, இப்போது எவை கிடைக்கும், எவை கிடைக்கா என்று கேள். 10, 30, 40 கிடைக்கும். 20-உம் 50-உம் பட்டியலில் இருந்தும் இல்லையென்றே விடை வரும். விரலை வைத்து லோவையும் ஹையையும் நகர்த்திப் பார்த்து இதைச் சொல்லும் பிள்ளை, நிரலைக் கருவியிடமே வாங்கியிருந்தாலும், அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டவன்.

அவன் நன்றாகச் சொன்னால் இன்னும் ஒரு படி ஏறலாம். கருவி எழுதும் நிரல்களில், நடு இடத்தைக் கணக்கிட இரண்டு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுக்காமல், ஹையிலிருந்து லோவைக் கழித்து, பாதியாக்கி, லோவோடு கூட்டும் சுற்றுவழியை அடிக்கடி காண்பாய். ஏன் இந்தச் சுற்றுவழி என்று கேள். கூட்டுத்தொகை 2,14,74,83,647-ஐத் தாண்டினால் 32 பிட் முழு எண்ணில் அது எதிர்மறையாகப் புரண்டுவிடும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை ஏறக்குறைய 9 ஆண்டுகள் பதுங்கியிருந்ததை ஜோஷுவா பிளாக் 2006-இல் எழுதினார். ஆனால் உன் மாணவன் எழுதியது பைத்தானில் என்றால், அங்கே முழு எண்ணுக்கு உச்சவரம்பு இல்லையாகையால் அந்த ஜாக்கிரதை அநாவசியம். கருவி பழக்கத்தால் எழுதிற்று. 'இங்கே இது வேண்டாம் சார்' என்று சொல்லத் தெரிந்தவன் கருவிக்கு எஜமானன்.

முப்பது பேருள்ள பேட்சில் இதற்கு அவகாசம் ஏது என்பாய். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றால் நூற்றைம்பது நிமிஷம். மூன்று மணி நேர லேபில் அது அடங்கும், மற்றவர்கள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாகையால். ஒவ்வொரு வாரமும் எல்லோரையும் கேட்க வேண்டியதுமில்லை. தன் முறை எப்போது வரும் என்று தெரியாதிருப்பதே போதும்.

ஒன்றில் மட்டும் நீ விசேஷ சிரத்தை கொள்ளவேண்டும். வைவா என்றாலே ஆங்கிலம் என்றொரு மூடவழக்கம் நம்மிடம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்து வந்த பெண், லூப் எங்கே நிற்கிறது என்று அறிந்திருந்தும், சொல்ல வாய் வராமல் நிற்பதை அறியாமை என்று நீ குறித்துவிட்டால், கண்டறியும் மென்பொருள் செய்யும் அநியாயத்தையே நீயும் செய்தவனாவாய். 'தமிழிலேயே சொல்லும்மா' என்று முதலில் நீயே ஆரம்பித்துவிடு. பேச்சு வராத பிள்ளையிடம் பென்சிலைக் கொடு.

கருவியை அறவே விலக்குவது பற்றிக் கேட்டாய். முதலாண்டில், சுற்றும் நிபந்தனையும் கைவசமாகும் வரை விலக்கலாம் என்பதே என் அபிப்பிராயம். தாளில் எழுதச் சொன்னால் தடையுத்தரவும் தேவைப்படாது. மூன்றாமாண்டு பிராஜெக்டில் அது வீண் முயற்சி. வேலைக்குப் போகுமிடத்தில் நாள் முழுவதும் அதையே கையாளப்போகிறவனிடம், அது தந்ததில் எதை நிராகரித்தாய், எக்காரணத்தால் என்று கேட்டு வாங்கு. எதையும் நிராகரிக்கவில்லை என்று சொல்பவனோடு கொஞ்சம் அதிகமாகப் பேச வேண்டியிருக்கும்.

இவற்றையெல்லாம் பருவத்தின் முதல் வாரத்திலேயே வகுப்பில் அறிவித்துவிடு. பாதியில் விதியை மாற்றினால் இன்டர்னல் மார்க் பற்றிய மனஸ்தாபம் துறைத்தலைவர் வரை போகும். ரெக்கார்டில் ஒவ்வொரு பயிற்சிக்கும் பின்னால் ஒரு பக்கத்தைக் காலியாக விடச் சொல். நீ கேட்ட கேள்வியையும் அவன் உன்னெதிரில் எழுதிய விடையையும் அதில் பதிந்து, உடனே கையொப்பமிடு. பருவ இறுதியில் எக்ஸ்டர்னல் வரும்போது அந்தப் பக்கங்களைத் திறந்து அவர் முன் வை. என்ன கேட்பதென்று அவரும் தேட வேண்டியிராது.

ஆசியுடன்,
உன் பழைய ஆசிரியன்