நினைவட்டைக்கு உகந்த கோப்பு முறைமை

விருதுநகர் வணிகர் அன்றாட வரவு செலவை முதலிற் குறிப்பேட்டில் பதிந்து, பின்னரே பேரேட்டில் ஏற்றுவர். இடையில் வேலை தடைப்படினும், விட்ட இடம் விளங்கும். லினக்ஸ் கணினியில் நினைவட்டைக்குக் கோப்பு முறைமை தேர்வோர்க்கு இவ்வழக்கம் நல்லதொரு பாடமாகும்.

முதற்கண் நாம் வினவ வேண்டுவது, அட்டை எங்கெங்குச் செல்லும் என்பதே. சிவகாசி அச்சகத்திற்கு நாட்காட்டிப் படங்களைக் கொண்டுசெல்லும் அட்டை, பலவகைக் கணினிகளிலும் புகும். அதற்கு எக்ஸ்ஃபாட் ஏற்றது. 2019இல் வெளிவந்த 5.4 பதிப்பு முதல் லினக்ஸ் அதனைத் தானே அறியும். பழைய ஃபாட்32 எங்கும் படிக்கப்படுமாயினும், 4 ஜிபி அளவை எட்டும் கோப்பை ஏலாது. இவ்விரண்டிற்கும் குறிப்பேடு இல்லை. எழுதும்போதே அட்டையைப் பிடுங்கினால் உள்ளவை சிதைதல் கூடும்.

லினக்ஸ் கணினியிலேயே தங்கும் அட்டைக்கு, 2008இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4 தக்கது. அது குறிப்பேடு உடையது. மின்சாரம் திடீரென நின்றாலும் தன் ஒழுங்கை மீட்டுக்கொள்ளும். விண்டோஸ் அதனைத் தானே படியாதென்பது ஒரு குறை.

ஃபிளாஷ் நினைவகம் எழுதிய இடத்தின்மேல் நேரே எழுதவொண்ணாதது. ஒரு பகுதி முழுவதையும் அழித்தே மீண்டும் எழுதும். ஒவ்வோர் அழிப்பிலும் அது தேய்கிறது. இவ்வியல்பை உன்னிச் சாம்சங் நிறுவனத்தார் ஆக்கிய எஃப்2எஃப்எஸ், 2013இல் லினக்ஸில் இடம்பெற்றது. புதியனவற்றை அது வேற்றிடத்தில் வரிசையாக எழுதிச் செல்லும். அடிக்கடி எழுதப்படும் அட்டைக்கு அதுவும் உகந்ததே.

எனினும், குறிப்பேடு காப்பது ஒழுங்கையே; அட்டையே பழுதுபடின் யாதும் எஞ்சாது. ஆதலின் மாணவ அன்பர்களே, முறையாக விடுவித்த பின்னரே அட்டையை எடுப்போமாக. ஓராண்டு உழைப்பை ஒரே அட்டையில் ஒப்படையாது, மறுபடியொன்றும் வைப்போமாக.