ரஷ்யாவில் தாத்தா ஓட்டு ஒரு பக்கம், பேரன் ஓட்டு ஒரு பக்கம்



1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். அதன்பின் ரஷ்யாவில் பெரியவர்கள் பலர் மீண்டும் கம்யூனிஸ்டுகளுக்கே ஓட்டுப் போட்டார்கள், இளைஞர்கள் பலர் எதிர்ப்பக்கம் போனார்கள். ஏன்? "வயசானவங்களுக்குப் பழசுதான் பிடிக்கும்" என்பது சுலபமான பதில். எனக்கு அது போதவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போமே.

பழைய ஆட்சியில் விலையை அரசே நிர்ணயித்தது. ரொட்டி மலிவு. ஆனால் பல கடைகளில் சரக்கு இருக்காது, க்யூவில் கால் கடுக்க நிற்க வேண்டும். வாங்கப் பொருள் இல்லாததால் சம்பளத்தில் மிஞ்சியது அரசு சேமிப்பு வங்கிக்குப் போனது. 1992 ஜனவரி 2-ந் தேதி பெரும்பாலான பொருட்களுக்கு விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அந்த ஓராண்டில் விலைவாசி சுமார் 26 மடங்கு ஆயிற்று! வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தால், 2,600 ரூபிள் சேர்த்திருந்த ஒரு பாட்டிக்கு வருஷக் கடைசியில் பழைய 100 ரூபிள் சரக்குதான் கிடைக்கும். பாஸ்புக்கில் எண் அப்படியே இருக்கும்.

எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். என் ஃபீஸ் முழுக்க அம்மாவின் சிறுவாட்டுப் பணம். அந்தப் பாட்டியைத் தாண்டி என்னால் சீக்கிரம் போக முடியவில்லை.

இளைஞனுக்கு மட்டும் கஷ்டம் இல்லையா? சம்பள பாக்கி அவனுக்கும் உண்டு. 1994-96 செச்சென்யா போருக்குக் கட்டாய ராணுவ சேவையில் போனவனும் அவன்தான். ஆனால் கரைந்துபோக அவனிடம் சேமிப்பு இல்லை. சந்தையில் கடை போடலாம், புதுத் தொழில் கற்கலாம். ஆலை நின்றுபோனால் 58 வயது ஃபிட்டர் எங்கே போவார்?

1996 ஜனாதிபதி தேர்தலில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. இளைஞர் ஓட்டைக் குறிவைத்து எல்ட்சின் தரப்பு ராக் கச்சேரிகள் நடத்தியது. ரோஸ்டோவ் நகர மேடையில் 65 வயதில் அவரே டான்ஸ் ஆடினார் (அதே மாதம் மாரடைப்பும் வந்தது!). ஜூலை 3-ல் நடந்த இரண்டாம் சுற்றில் எல்ட்சினுக்கு 53.8 சதவீதம், கம்யூனிஸ்ட் தலைவர் ஸ்யுகானவுக்கு 40.3 சதவீதம். ஸ்யுகானவின் பலம் முதியவர்களிடமும் கிராமங்களிலும் இருந்தது.

இளைஞர்கள் வளர்ந்தால் நாடே மாறிவிடும் என்று அப்போது பலர் நம்பினார்கள். 2022-ல் உக்ரைன் போர் பற்றி லெவாடா மையம் எடுத்த கருத்துக் கணிப்புகளிலும் போருக்கு ஆதரவு இளைஞர்களிடம் குறைவு, பெரியவர்களிடம் அதிகம். 1996-ல் 20 வயதாக இருந்தவருக்கு அந்த வருஷம் வயது 46.