மூன்று காலில் நடக்கும் நாய்: நிறை, சமநிலை, இயைபாக்கம்

(க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம். மீட்டலுக்கான விளக்கக் கட்டுரை)

மாணவர்களே, மூன்று காலில் ஓடித்திரியும் நாயை வன்னியில் காணாதவர் உங்களில் மிகச் சிலரே. ஏ9 வீதியில் வாகனம் மோதியும், காட்டோரத்தில் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் அகப்பட்டும் நாய்கள் காலை இழக்கின்றன. 2009 இல் முடிந்த போரின்போது புதைக்கப்பட்ட மிதிவெடிகளும் ஒரு காரணம். சில கிலோகிராம் திணிவு ஏறினாலே மிதிவெடி வெடிக்கக்கூடும். மிதித்தது மனிதனா, ஆடா, நாயா என்பது அதற்குத் தெரியாது.

காயப்பட்ட நாயை வீட்டுக்குத் தூக்கிவந்ததும் பெரியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "இனி இது எப்படிச் சீவிக்கும்? மருந்தேற்றி முடித்துவிடுவதுதானே?" இதற்கு இரக்கத்தை மாத்திரம் வைத்து விடை சொல்ல முடியாது. நீங்கள் படித்த விஞ்ஞானம் இங்கு உதவும்.

நிறை பங்கிடப்படும் விதம்

நாயொன்று நான்கு காலில் நிற்கும்போது அதன் நிறை நான்கு கால்களுக்கும் சமமாகப் பிரிவதில்லை. தலையும் கழுத்தும் முன்னே இருப்பதால் ஏறத்தாழ 60 வீதம் முன்கால்களிலும் 40 வீதம் பின்கால்களிலும் தாங்கப்படும். திணிவு 20 கிலோகிராம் எனின், நிறை 200 நியூட்டன் (புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொள்க). ஒவ்வொரு முன்காலும் 60 நியூட்டன், ஒவ்வொரு பின்காலும் 40 நியூட்டன் தாங்கும்.

ஒரு முன்கால் போய்விட்டால், எஞ்சிய முன்கால் 120 நியூட்டனையும் தனியே தாங்க வேண்டும் எனப் பலர் எழுதுவர். அது பிழை. நாய் தலையை உயர்த்தி, முதுகை வளைத்து, புவியீர்ப்பு மையத்தைப் பின்னுக்கு நகர்த்திவிடுகிறது. எஞ்சிய முன்கால் தாங்குவது மொத்த நிறையில் பாதிக்குச் சற்றுக் குறைவே. கணக்கின் இலகுவுக்காக 46 வீதம் எனக் கொள்வோம்: 92 நியூட்டன். மீதி 108 நியூட்டனைப் பின்கால்கள் இரண்டும் பங்கிடும். பின்கால் இழந்த நாயோ மறுபுறமாகச் செய்யும்: தலையைத் தாழ்த்தி நிறையை முன்னே தள்ளும். எஞ்சிய பின்காலில் ஏறத்தாழ கால் பங்கு மட்டுமே விழும். முன்காலை இழந்த நாயைவிடப் பின்காலை இழந்த நாய் பொதுவாக இலகுவில் தேறுவதன் காரணம் இதுவே.

சமநிலை பற்றியும் ஒரு சொல். புவியீர்ப்பு மையத்தினூடாகச் செல்லும் நிலைக்குத்துக் கோடு, பாதங்கள் அமைக்கும் பரப்பினுள் விழுந்தால்தான் உடல் சரியாது நிற்கும். மூன்று கால்களுக்கு அப்பரப்பு ஒரு முக்கோணம். எஞ்சிய தனிக்காலை நாய் உடலின் நடுக்கோட்டை நோக்கி உள்ளே வைப்பதை அவதானியுங்கள். அவ்வாறான நாய்க்கு ஆறுதலாக நடப்பதே கடினம். துள்ளி ஓடுவது அதற்கு வசதி.

மூளை கற்றுக்கொள்ளும் விதம்

உட்காதிலுள்ள அரைவட்டக் கால்வாய்கள், தசைகள், மூட்டுகள் என்பவற்றிலிருந்து வரும் கணத்தாக்கங்களைக் கொண்டு மூளி உடலின் சமநிலையைப் பேணுகிறது. கால் இழந்தபின் அதே மூளி புதிய ஒழுங்கைப் பயில்கிறது. சத்திரசிகிச்சை முடிந்த இரண்டொரு நாளில் பெரும்பாலான நாய்கள் எழுந்து நிற்கும்; சில வாரங்களில் வளவைச் சுற்றி ஓடும். வைத்தியர்கள் பெரும்பாலும் காலை மேற்பகுதியிலேயே அகற்றுவர். பாதி விட்டால் நாய் அந்தக் கட்டையை ஊன்ற முயன்று மீண்டும் மீண்டும் புண்ணாக்கிக்கொள்ளும்.

இங்கே ஒரு சொல்லில் கவனம் தேவை. மூன்று காலில் நடக்கப் பழகுவதை "இசைவாக்கம்" எனப் பரீட்சைத்தாளில் எழுதினால் புள்ளி கிடைக்காமற் போகலாம். உயிரியலில் இசைவாக்கம் என்பது தலைமுறைதோறும் கடத்தப்படும் இயல்பு. கால் இழந்த நாய் ஈனும் குட்டிக்கு நான்கு கால்தான் இருக்கும். நாம் காண்பது ஒரு தனியன் தன் வாழ்நாளில் பெற்ற பழக்கம்.

நாய்க்கு முடிந்தது பசுவுக்கு ஏன் முடியவில்லை?

வன்னி வீடுகளில் பால்மாடும் பிள்ளையைப் போலத்தான். ஆயினும் நாய்க்கும் பூனைக்கும் ஆட்டுக்கும் கைகூடுவது பசுவுக்குக் கைகூடுவது அரிது. உடலின் நீளம், அகலம், உயரம் மூன்றும் இரு மடங்கானால் நிறை எட்டு மடங்காகும். கால் என்பின் குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்குதான். ஆகவே என்பின் மீதான அமுக்கம் இரட்டிக்கும். பெரிய விலங்கின் கால்கள் ஏற்கெனவே தம் எல்லைக்கு அருகில் வேலை செய்கின்றன. ஒன்று போனால் எதிர்ப்பக்கக் காலின் மூட்டு மிகைச் சுமையால் வீங்கும். பசு எழும்பாது ஒரே பக்கமாகக் கிடந்தால் வயிறு ஊதி அதுவே உயிராபத்தாகும்.

யானையின் நிலை இன்னும் கடினம். 1975 இல் தொடங்கிய பின்னவலை யானைகள் சரணாலயத்தில் ஸாமா என்ற பெண் யானை, மிதிவெடியில் ஒரு முன்பாதம் சிதைந்து, மூன்று காலில் வாழ்ந்தது. தாய்லாந்தின் லம்பாங் யானை மருத்துவமனையில் 1999 இல் மிதிவெடியில் சிக்கிய மொத்தாலாவுக்கும், 2006 இல் ஏழு மாதக் குட்டியாகக் காலிழந்த மோஷாவுக்கும் செயற்கைக் கால் பொருத்தப்பட்டது. குட்டி வளர வளர நிறை கூடியதால் மோஷாவுக்குப் புதிதுபுதிதாகக் கால் செய்ய வேண்டியிருந்தது. 1968 இல் "ஜெய்ப்பூர் கால்" உருவான அதே இந்திய நகரில், பிற்காலத்தில் மாடுகளுக்கும் இலகுவான செயற்கைக் கால் செய்யப்பட்டது. ஜெய்ப்பூர் காலை உங்கள் உறவினர் எவரேனும் அணிந்திருக்கவும் கூடும்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதல் நாட்களில் பெரிய எதிரி இலையான். புண்ணில் முட்டையிட்டால் புழு வைக்கும். ஆகவே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடன் கொண்டுசெல்ல வேண்டும். சாம்பலோ மஞ்சளோ அப்பிக் காத்திருக்கலாகாது. வழுக்கும் சீமெந்துத் தரையில் சாக்கு விரித்தால் உராய்வு கூடி நாய் சறுக்காது. உடல் பருக்க விடக்கூடாது: கூடும் ஒவ்வொரு கிலோகிராமையும் மூன்று கால்களே தாங்க வேண்டும். சோற்றை அளவாகவே வையுங்கள். ஆனால், மிதிவெடி எச்சரிக்கைப் பலகையுள்ள இடத்தில் பிராணி காயப்பட்டுக் கிடந்தால் நீங்கள் உள்ளே செல்லவே கூடாது. பெரியவர்களுக்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். அது கத்தினாலும் அப்படித்தான்.

பயிற்சி வினாக்கள்

1. 25 கிலோகிராம் திணிவுள்ள நாய் ஒரு பின்காலை இழந்தது. எஞ்சிய பின்கால் மொத்த நிறையில் 26 வீதத்தைத் தாங்குமாயின், அக்காலின் மீதான விசை எவ்வளவால் கூடியது? (விடை: 50 நியூட்டனிலிருந்து 65 நியூட்டனாக, 15 நியூட்டனால்.)

2. முன்கால் இழந்த நாய் எஞ்சிய முன்காலை நடுக்கோட்டை நோக்கி வைப்பது ஏன்? முக்கோணமொன்று வரைந்து விளக்குக.

3. மூன்று காலில் நடக்கப் பழகிய ஆட்டின் குட்டி, பிறக்கும்போதே அப்பழக்கத்துடன் பிறக்குமா? காரணம் தருக.