கிப்லாவும் பூமியின் மறுபக்கமும்

மாப்பிள்ளையூரணியில் நின்று பூமியை அதன் மையத்தினூடே துளைத்தால் எங்கே வெளிவருவோம்? அட்சரேகை வடக்கு 9 டிகிரி. அதைத் தெற்கு 9 ஆக்குவோம். தீர்க்கரேகை கிழக்கு 78. அதை 180-இல் கழித்தால் மேற்கு 102. பசிபிக் நடுக்கடல்!

கஅபத்துல்லாஹ் இருப்பது வடக்கு 21½, கிழக்கு 40 டிகிரி அளவில். அதன் மறுமுனை தெற்கு 21½, மேற்கு 140. அதுவும் பசிபிக்கில், டெமாட்டாங்கி பவளத்தீவுக்கு அருகே. அங்கிருந்து எப்பக்கம் சென்றாலும் மக்கா சுமார் 20,000 கிலோமீட்டர். ஆகவே அங்கே தொழுபவருக்கு எத்திசையும் கிப்லாவே.

நமக்கோ திசை ஒன்றுதான். தூத்துக்குடிக் கரையில் கிப்லா நேர் மேற்கன்று. வடக்கே சுமார் 23 டிகிரி சாய்ந்தது. மே 28-ஐ ஒட்டிப் பிற்பகல் 2.48-க்குச் சூரியன் கஅபாவின் உச்சியில் நிற்கும். அப்போது செங்குத்தாக நட்ட கம்பின் நிழலுக்கு எதிர்த்திசையே கிப்லா. நம் வீடுகளில் முஸல்லாவை அவ்வாறே விரித்துக்கொள்வோமாக!