ஒன்றரை ஷிப்ட் ஊரில் சபை விழா நடத்துவது எப்படி?

திருப்பூர் மாவட்டம் மூலனூரில் ஒரு திருச்சபை குடும்ப விழாவுக்கு நாள் குறிப்பதானால், கம்பெனி வேன் எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று கேட்டுவிட்டுக் குறிப்பது நல்லது. பனியன் தொழிலில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை 8.30-லிருந்து இரவு 8.30 வரை. தாராபுரம், வெள்ளகோவில், கரூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் அதற்கு முன்னும் பின்னும் வேனில் உட்கார்ந்தாக வேண்டும். ஆர்டர் அவசரமென்றால் ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குக் ‘குடும்பக் கூடுகை’ என்று நோட்டீஸ் அடித்தால் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பாட்டிமாரும் பிள்ளைகளும் வருவார்கள். குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கும் முப்பது வயது அம்மா அந்த நேரத்தில் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருப்பார். இந்தப் பகுதிக் குடும்பங்களுக்குப் பெரிய பற்றாக்குறை நேரம். அதற்கு அடுத்த பற்றாக்குறை, தாள் வேலையைக் கூட இருந்து முடித்துக்கொடுக்க ஓர் ஆள். சபையின் விழாவும் ஊர்ப்பணியும் இந்த இரண்டில் கொஞ்சமாவது தீர்த்தால் நிலைக்கும் என்பதே என் வாதம். பிரியாணிப் பொட்டலத்தோடு முடிகிற விழா அடுத்த வாரமே மறந்துபோகும்.

ஆகவே வேலை விழாவுக்கு ஒரு மாதம் முன்பே, வீடு வீடாகக் கேட்பதில் தொடங்க வேண்டும். மூலனூர் முழுக்கப் பனியன் ஊருமல்ல. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் பருத்தி ஏலத்துக்காகப் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் விவசாயிகள் வருகிறார்கள். முருங்கைக்குப் பெயர்பெற்ற மண். ஆடு மாடு வைத்திருப்பவர்கள் நிறைய. ஒரே தெருவில் ஷிப்டுக்குப் போகும் மகளும், காய் பறிக்கப் போகும் அம்மாவும், விசைத்தறி ஓட்டும் அப்பாவும் இருக்கலாம். கத்தோலிக்கப் பங்கு என்றால் அன்பியம் என்னும் சிறு குழுக்களும், சி.எஸ்.ஐ. சபை என்றால் பெண்கள் ஐக்கிய சங்கமும் தெருவைப் பிரித்துக்கொள்ளலாம். இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும். 1833-ல் பாரிஸில் பிரடெரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை இன்றும் வீடு சந்திப்பை இப்படித்தான் நடத்துகிறது. ஒருவர் பேசும்போது மற்றவர் கவனிப்பார், பின்னால் பேச்சு வந்தால் சாட்சியும் இருக்கும். மூன்று கேள்வி போதும்: வீட்டில் யார் யாருக்கு எந்த நேரம் வேலை, எல்லோரும் சேர்ந்து வீட்டில் இருக்கும் பொழுது எது, முடியாமல் கிடக்கும் ஆபீஸ் வேலை என்ன. மதம் என்ன, எந்தச் சபை என்று கேட்கக் கூடாது. நோட்டில் எழுதுவதையும் வாசலிலிருந்து இறங்கிய பிறகு செய்யுங்கள். எதிரில் உட்கார்ந்து எழுதினால் ஏதோ சர்வே என்று பாதி உண்மைதான் வரும்.

தேவையிலிருந்து தொடங்கும் இந்த முறை கொங்கு வட்டாரத்துக்குப் புதிதல்ல. சேலத்தில் 1876-ல் பிறந்த கே.டி. பால், இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியப் பொதுச் செயலாளரானவர், கிராமப் பணியை 1910-களில் வகுத்தபோது கடனிலிருந்து தொடங்கினார். வட்டிக்காரரிடம் சிக்கிய குடியானவனிடம் வேறு எதைப் பேசியும் பயனில்லை என்று கண்டு, கூட்டுறவுக் கடன் சங்கங்களை அமைக்க முன்னின்றார். கல்வியும் சுகாதாரமும் அதையொட்டி வந்தன. அவருடைய வாழ்க்கை வரலாற்றை 1938-ல் எழுதிய எச்.ஏ. போப்ளி ஈரோட்டில் மிஷனரியாக இருந்தவர். அன்றைய குடியானவனுக்கு வட்டி இருந்த இடத்தில் இன்றைய பனியன் தொழிலாளிக்கு நேரமும் தாளும் இருக்கின்றன.

விழாவுக்கு ஞாயிறு மாலை 4.30-லிருந்து 7 மணி வரை பொருந்தும். சனிக்கிழமை சம்பள நாள்; கடைக்குப் போவார்கள். ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் வைத்துக்கொள்ளலாமே என்று கமிட்டியில் யாராவது சொல்வார்கள். வாரத்துக்கு ஒரு நாள் துணி துவைத்து, தலைக்குக் குளித்து, கறி எடுத்துச் சமைக்கிற பெண்ணின் ஞாயிறு காலையை எடுத்துக்கொண்டு அதற்குக் ‘குடும்ப விழா’ என்று பெயர் வைப்பது சரியில்லை. மாலையில் வந்தவர்களுக்கு இரவுச் சாப்பாட்டையும் அங்கேயே போட்டுவிட்டால் அன்றிரவு அடுப்பு பற்றவைக்க வேண்டாம். அந்தப் பெண்ணுக்குச் சபை தரும் நிஜமான பரிசு அப்படி மிச்சமாகும் நேரம்தான். தக்காளி சாதமும் தயிர் சாதமும் போதும். சமைப்பதும் பரிமாறுவதும் குண்டான் கழுவுவதும் ஆண்களும் வாலிபர் சங்கமும் செய்ய வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தால் ஷிப்ட் முடித்த பெண்களே மறுபடி விழாவில் வெங்காயம் உரிப்பார்கள். மேடை வேண்டாம். ஒரு பொன்னாடைக்கு ஐந்து நிமிஷம் என்று கணக்குப் போட்டால், தலைமையுரை தொடங்குவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடும். தரையில் விரிப்பு, அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஆடும் இரண்டு விளையாட்டு, பிள்ளைகளின் பாட்டு ஒன்றிரண்டு. நிகழ்ச்சி அவ்வளவுதான்.

விழாவின் முதுகெலும்பு ஓரத்தில் போடப்படும் இரண்டு மேசைகள். முதல் மேசை இ.எஸ்.ஐ., பி.எப். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர் இ.எஸ்.ஐ.க்குள் வருவார், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25. பன்னிரண்டாயிரம் சம்பளத்தில் மாதம் 90 ரூபாய் பிடிபடுகிறது, கம்பெனி 390 போடுகிறது. பிடிப்பது சம்பளச் சீட்டில் தெரியும். கார்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. மனைவி, பிள்ளைகள், நம்பியிருக்கும் பெற்றோர் பெயர் சேராமல் இருந்தால் ஆஸ்பத்திரி வாசலில்தான் அது தெரியவரும். உடம்புக்கு முடியாமல் லீவு போட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். கம்பெனி மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு இந்த நாள் கணக்குதான் இடிக்கும். பி.எப்.பில் வரும் தொல்லை வேறு: ஆதாரில் ஒரு பெயர், பி.எப். கணக்கில் இன்னொரு எழுத்து. பழைய கம்பெனிக் கணக்கு புதியதோடு சேராமல் கிடக்கும். நாமினி போட்டிருக்க மாட்டார்கள். இதைச் சரிசெய்யப் பெரிய படிப்பு தேவையில்லை. சபையில் கல்லூரி முடித்த நான்கு பிள்ளைகள், இரண்டு போன், ஒரு பிரிண்டர், முன்கூட்டியே ஒரு நாள் பயிற்சி. வருகிறவர்களிடம் ஆதார், சம்பளச் சீட்டு, ஆதாரோடு இணைத்த போன் மூன்றையும் கொண்டுவரச் சொல்லி நோட்டீஸிலேயே போடுங்கள், ஓ.டி.பி. வரும் போன் மகன் கையில் கரூரில் இருந்தால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது. ஓ.டி.பி.யையும் பாஸ்வேர்டையும் உதவுகிறவர் எழுதிவைத்துக்கொள்ளவே கூடாது. இரண்டாவது மேசை இ.எஸ்.ஐ.யும் பி.எப்.பும் இல்லாதவர்களுக்கு: தையல், விசைத்தறி, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியங்களில் பதிவும் புதுப்பிப்பும், பிள்ளைகள் படிப்புக்கான உதவித்தொகை விண்ணப்பமும்.

இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை, சபைக்கு எதற்கு என்று கேட்கலாம். திட்டமும் பணமும் அரசாங்கத்தினுடையவைதான், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அரசு அலுவலகம் காலை 10-லிருந்து மாலை 5.45 வரை. ஒன்றரை ஷிப்ட் தொழிலாளி அந்த ஜன்னலுக்கு முன் நிற்க வேண்டுமென்றால் ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும். முதல் நாளில் முடியாது, ‘நாளைக்கு வாங்க’ என்றால் இரண்டு நாள். அலுவலகம் பூட்டிய பிறகு திறந்திருக்கும் கட்டடம் ஊரில் கோயிலும் பள்ளிவாசலும் சர்ச்சும்தான். அந்த இடைவெளியில் சபை நின்றால் போதும், அரசாங்கத்தின் இடத்தில் நிற்க வேண்டியதில்லை.

சபைக்குள்ளிருந்து வரும் கேள்வி இதைவிடக் கடினமானது: சுவிசேஷம் சொல்லாத விழாவை நாம் ஏன் நடத்த வேண்டும்? நேர்மையான கேள்வி. ஞாயிறு காலை கதவு திறந்தே இருக்கிறது, ஆராதனைக்கு வருகிறவர் வரட்டும். ஆனால் இ.எஸ்.ஐ. கார்டைச் சரிசெய்யக் காத்திருப்பவரிடம் பிரசங்கம் செய்தால், அவர் எழுந்து போக முடியாது. எழுந்து போக முடியாதவரிடம் சொல்வது சாட்சியாகாது. வெளியிலிருந்து வரும் சந்தேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. சட்டம் போனாலும் அதற்குப் பின்னிருந்த சந்தேகம் போகவில்லை. சாப்பாட்டுக்கும் சபைக்கும் முடிச்சுப் போடுகிறார்கள் என்ற பேச்சு எழ ஒரு துண்டுப் பிரசுரம் போதும். ஆகவே விதியை நோட்டீஸிலேயே அச்சடியுங்கள்: எல்லா மதத்தினரும் வரலாம், பிரசங்கமில்லை, பிரசுரமில்லை, உறுப்பினர் படிவமில்லை. சாப்பாட்டுக்கு முன் ஒரு வரி ஜெபத்தை மட்டும் மறைக்க வேண்டாம். நடத்துவது சர்ச் என்பது ஊருக்கே தெரியும், மறைத்தால்தான் சந்தேகம்.

போட்டோ எடுக்கக் கூடாது என்பதையும் அந்த விதிகளில் சேருங்கள். இதற்குக் காரணம் கூச்சம் மட்டுமல்ல. 1950-ம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே அந்தப் பட்டியலில் வருவார்கள்; கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். சாதிச் சான்றிதழை நம்பிப் பிள்ளையின் படிப்பைத் திட்டமிட்டிருக்கும் குடும்பத்துக்கு, சர்ச் விழாவில் நிற்கும் போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றுவது பெரிய பயம். வந்தவர்கள் பெயர்ப் பதிவேடும் வைக்காதீர்கள். ஆண்டறிக்கைக்குப் படம் வேண்டுமென்றால் கழுவிக் கவிழ்த்த குண்டான்களை எடுத்துப் போடலாம்.

இடம் தேர்வதில் சாதிக் கணக்கு ஒளிந்திருக்கிறது என்பதைக் கமிட்டி வெளிப்படையாகப் பேச வேண்டும். சர்ச் காலனியில் இருந்தால் ஊர்க்காரர் வரமாட்டார். ஊருக்குள் மண்டபம் எடுத்தால் காலனிக்காரர் ஓரமாக நிற்பார். அரசுப் பள்ளி வளாகம் கிடைத்தால் நல்லது. பள்ளி மேலாண்மைக் குழுவோடு சேர்ந்து நடத்தினால் இரு தரப்புக்கும் பிள்ளைகள் என்ற பொதுக் காரணம் இருக்கிறது. கிடைக்காவிட்டால் சர்ச் வளாகத்திலேயே நடத்துங்கள், பந்தியை மட்டும் பிரிக்காதீர்கள். தனிப்பந்தி போட்டால்தான் வருவோம் என்பவர்கள் வராமலே இருக்கட்டும். அந்த நஷ்டத்தைச் சபை ஏற்க வேண்டும். ஒடிசா, ஜார்கண்ட், பீகார்த் தொழிலாளர் தங்கும் அறைகளுக்கும் நோட்டீஸ் போக வேண்டும், இந்தியில். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவித் திருப்பூர் வட்டாரமே கலங்கியது. அக்கம்பக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் இருந்தால் வதந்தியை உடனே கேட்டுத் தெளியலாம்.

பணத்துக்கு வெளிநாட்டை நோக்கிக் கை நீட்ட வேண்டாம், எப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவில்லாமல் அந்தப் பணத்தை வாங்கவும் முடியாது. நம் சபைகளில் பழக்கமான பிடி அரிசிக் காணிக்கை இருக்கிறது. மிசோரமில் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துவைக்கும் வழக்கம் 1910-ல் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களின் அந்தக் கைப்பிடியில்தான் அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபையின் பணிகளுக்குப் பெரும் ஆதரவு கிடைத்தது. சின்ன சபை, பணமில்லை என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. சேரும் அரிசியை எல்லாம் விழாவில் கொட்டிவிடாமல் ஒரு பங்கை இருப்பு வையுங்கள். இந்தத் தொழிலில் அடி திடீரென்று விழும்: 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன, 2020-ல் ஊரடங்கு, 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் 50 சதவீத வரி. ஆர்டர் குறைந்தால் முதலில் அரை ஷிப்ட் போகும், பிறகு வேன் நிற்கும். அப்போது கொடுக்க அரிசி இருக்க வேண்டும். வரவு செலவை சர்ச் வாசல் பலகையில் ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை வராது.

பிள்ளைகள் கூடும் இடம் என்பதால் ஒன்றைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, ஆயர் உட்பட. தவறு நடந்ததாகத் தெரிந்தால் கமிட்டி கூடிச் சமரசம் பேசக் கூடாது. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீசில் சொல்லியாக வேண்டும், மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை உண்டு. சபையின் மானம் போகும் என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் எழுதி ஒட்டுங்கள்.

விழா முடிந்த மறுவாரம்தான் பாதி வேலை. எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை விடுங்கள், எத்தனை இ.எஸ்.ஐ. கார்டில் பெயர் சேர்ந்தது, எத்தனை பி.எப். விண்ணப்பம் திரும்பி வந்தது, ஏன் திரும்பி வந்தது என்று எழுதுங்கள். திரும்பி வந்த விண்ணப்பத்தோடு, முன்பு வீடு சந்திக்கப் போன அதே இரண்டு பேர் அதே வீட்டுக்குப் போக வேண்டும், இரவு 9.30-க்கு மேல் என்றாலும். அந்த நடைக்கு ஆளில்லாத சபை இந்த ஆண்டு விழாவைத் தள்ளிவைக்கலாம். மேசைகளை மட்டும் மாதம் ஒரு ஞாயிறு போடட்டும்.