பிறந்த நாள் பரிசு: ஒரு மொய்க் கணக்கு

பிறந்த நாள் கொண்டாடுவதும் பரிசு கொடுப்பதும் தேவைதானா? பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறதே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது நம்ம பாக்கெட் சம்பந்தப்பட்ட விஷயம்.

முதலில், பிறந்த நாள் என்பதே எல்லோருக்கும் இருந்த ஒன்றல்ல. மூலனூரில் என் அமுச்சியிடம் கேட்டேன். "தேதியெல்லாம் ஆருக்குக் கண்ணு தெரியும்? பஞ்சம் முடிஞ்சு மழை பேஞ்ச வருசம், ஐப்பசி மாசம்னு எங்காத்தா சொல்லும்" என்றார். அப்பாவுக்குத் தேதி உண்டு. ஆனால் அது பள்ளிக்கூடத்தில் போட்ட தேதி. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயசு ஆகிவிட்டது என்று கணக்கு. ஜூனில் பள்ளி திறக்கும். அதற்குத் தோதாக மே, ஜூனில் ஒரு தேதி எழுதிவிடுவார்கள். நம்ம பெரியவர்களில் பல பேர் அந்த இரண்டு மாதத்திலேயே பிறந்திருப்பதன் ரகசியம் இதுதான்!

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-லேயே வந்துவிட்டது. அது எங்கள் வீட்டு வாசலுக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. இப்போது சட்டத்தைத் திருத்தி, 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கிறவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே போதும் என்று ஆக்கியிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் சரியான பிறந்த தேதி உள்ள முதல் ஆள் நான். பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான்.

பழைய காலத்தில் பிறந்த நாள் அரசனுக்கு உரியது. தொல்காப்பியத்தின் புறத்திணையியலில் அதற்குப் 'பெருமங்கலம்' என்று பெயரே இருக்கிறது. அன்று அரசன் கோபத்தை விட்டுவிடுவான். சிறையில் கிடப்பவர்களை விடுவதும் வரியைத் தள்ளுபடி செய்வதும் தானம் கொடுப்பதும் அன்றைக்குத்தான் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? பிறந்த நாள்காரன் வாங்கவில்லை, கொடுக்கிறான். ஐந்தாம் வகுப்பு வரை நாமும் அரசர்கள்தான். கலர் டிரஸ் போட்டுக்கொண்டு, மிட்டாய் டப்பாவோடு வகுப்பு வகுப்பாகப் போனோமே! டீச்சருக்கு மட்டும் இரண்டு.

கேக் வந்த பிறகு திசை மாறிவிட்டது. பிறந்தவர் வாங்குகிறார், மற்றவர் கொடுக்கிறார். கூடவே ஓர் ஆங்கிலப் பாட்டும் வந்தது. அதன் மெட்டு 1893-ல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த ஹில் சகோதரிகள் இருவர், சின்னக் குழந்தைகள் காலை வணக்கம் சொல்லிப் பாடுவதற்காகப் புத்தகத்தில் வெளியிட்டது. பிறந்த நாள் வார்த்தைகள் பிறகு சேர்ந்தவை. அந்தப் பாட்டைப் படத்தில் பயன்படுத்தினால் காசு கட்ட வேண்டும் என்று ஒரு இசை நிறுவனம் பல வருஷம் வசூல் செய்தது. 2015-ல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அந்த உரிமை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. வாழ்த்துக்கே பில் போட்ட உலகம் ஐயா இது!

சரி, பரிசுக்கு வருவோம். 'பரிசு அன்பு, மொய் வியாபாரம்' என்று நம் நண்பர்கள் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்க ஊர்ப் பக்கம் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் வாசலில் மொய் நோட்டு இருக்கும். 501 எழுதினவர் வீட்டு விசேஷத்துக்கு அதற்குக் குறையாமல் எழுத வேண்டும். என் அம்மா அந்த நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார். புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பக்கமும் தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணி பக்கமும் இதை இன்னும் பெரிதாகச் செய்கிறார்கள். அங்கே கல்யாணம்கூட வேண்டாம். ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, 'மொய் விருந்து' என்றே நடத்துவார்கள். வருகிற பணத்தில் போர்வெல் போடுவார்கள், கடனை அடைப்பார்கள், பிள்ளையைப் படிக்க வைப்பார்கள். வட்டி கிடையாது. செய்தவர் தம் முறை வரும்போது திரும்பப் பெறுவார். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தபோது, திருப்பிச் செய்ய முடியாமல் பலர் தவித்ததும் உண்மை. மொய்யிலும் கண்ணீர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று நோட்டைத் திறந்தால் தெரிந்துவிடும்.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925-ல் பரிசைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். கொடுப்பது, ஏற்பது, திருப்பிக் கொடுப்பது ஆகிய மூன்றுமே கடமை என்பது அவர் கருத்து. மொய் நோட்டு வைத்திருக்கும் எந்த அம்மாவுக்கும் இது புதுச் செய்தி அல்ல. வருமான வரிக்காரர்களும் கெட்டிக்காரர்கள். கல்யாணத்துக்கு வரும் அன்பளிப்புக்கு வரி இல்லை. பிறந்த நாளுக்கு உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் வரி உண்டு!

இப்போது நம் வகுப்புக்கு வாருங்கள். நாம் அறுபது பேர். இந்த ஆண்டு 22 பேருக்குக் கேக்கும் பரிசும். ஒவ்வொரு தடவையும் தலைக்கு 50 ரூபாய் வசூல். கொண்டாடப்பட்டவர் ஒவ்வொருவரும் மற்ற 21 பேருக்காக 1,050 ரூபாய் கொடுத்தார். அவருக்காக 59 பேர் சேர்ந்து 2,950 ரூபாய் கொடுத்தார்கள். மீதி 38 பேர் தலைக்கு 1,100 கொடுத்தார்கள். வந்தது பூஜ்யம், ஒரு துண்டு கேக் நீங்கலாக. அறுபது பேருக்கும் கொண்டாடியிருந்தால் கொடுத்ததும் வந்ததும் சமமாகியிருக்கும். அப்படி நடக்கவில்லை. ஏன்? சிலருக்கு விடுமுறையில் பிறந்த நாள். சிலர் தேதியை வெளியே சொல்வதில்லை, ஏனென்றால் கேக் வெட்டினால் 'ட்ரீட்' வைக்க வேண்டும். தன் பிறந்த நாளன்று காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன்.

என் அம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். விடியும் முன்னே கம்பெனி வண்டி வந்துவிடும். சனிக்கிழமை சம்பளம். அந்த 1,100 ரூபாய் அவருக்கு ஏறக்குறைய மூன்று ஷிப்டு. நான் அழவில்லை, கணக்குச் சொல்கிறேன். நோட்டு இல்லாத மொய்யில் வாங்கினவருக்குக் கடன் ஞாபகம் இருக்காது. கொடுத்தவருக்குக் கேட்க வாய் வராது.

அதற்காகப் பிறந்த நாளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேதியே இல்லாத அமுச்சியின் வீட்டில் எனக்கு ஒரு தேதி இருப்பது எனக்குப் பெருமைதான். பரிசும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சென்ற ஆண்டு முடித்துப்போன சீனியர் அண்ணா ஒருவர் தன் மினி டிராஃப்டரை எனக்குக் கொடுத்தார். அன்றைக்கு என் பிறந்த நாளும் இல்லை, அவர் பிறந்த நாளும் இல்லை. ஸ்கேலின் பின்பக்கம் ஏற்கெனவே மூன்று பேர் இனிஷியல் கீறியிருந்தது.

அடுத்த பருவத்துக்கு நான் சொல்லும் யோசனை இது. மாதத்துக்கு ஒரே கேக், அந்த மாதத்தில் பிறந்த அத்தனை பேருக்கும் சேர்த்து. மே மாதத்துக்காரர்களை ஏப்ரலிலேயே சேர்த்துக்கொள்வோம். தலைக்குப் பத்து ரூபாய் போதும், 600 ரூபாய் ஆகிவிடும். பெயர் எழுதி வசூல் வேண்டாம், மேசை மேல் ஒரு உண்டியல். ட்ரீட் கிடையாது. வகுப்புத் தலைவர் சரி என்றுவிட்டார். ஹாஸ்டல் நண்பர்கள்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.