ஆய்வேடு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு

பெண்ணாடத்திலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால், “எத்தனை இயல் வைக்கணும் ஐயா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். மெய்கண்டார் பிறந்த ஊர் என்று சைவ மரபு போற்றும் மண்ணில் நின்று கேட்கிறீர்கள். 13ஆம் நூற்றாண்டில் அவர் செய்த சிவஞான போதத்தை, உங்கள் துறை எதுவானாலும், அதன் கட்டுக்கோப்புக்காக ஒருமுறை படியுங்கள்.

1. எதை நிறுவப் போகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி, நெறியாளரிடம் காட்டுங்கள். அவர் தலையசைத்த பிறகு இயல்களை எண்ணலாம்.

2. சிவஞான போதம் 12 சூத்திரம், மொத்தம் 40 அடி. மெய்கண்டார் ஒவ்வொரு சூத்திரத்தையும் கூறு கூறாகப் பிரிக்கிறார். நிறுவ வேண்டியதை மேற்கோளாக வைக்கிறார். அது ஏன் அப்படி என்பதை ஏதுவாகச் சொல்கிறார். அதன்பின் வெண்பாவில் எடுத்துக்காட்டுத் தருகிறார். நான் படித்த ஆய்வேடுகள் பலவற்றில் நடுவில் உள்ள ஏதுதான் காணாமல் போயிருக்கிறது. ஒரு கருத்து, அதன் கீழே வரிசையாகப் பத்துப் பாடல்கள், உடனே அடுத்த தலைப்பு. பாடல்கள் தாமாக எதையும் நிறுவிவிடாது. ஒவ்வொரு சான்றுக்கும் கீழே, இது என் கருத்துக்கு எப்படித் துணை நிற்கிறது என்று இரண்டு வரியாவது எழுதுங்கள். அந்த இரண்டு வரிதான் உங்கள் ஆராய்ச்சி, மற்றதெல்லாம் தொகுப்பு.

3. சிவஞான போதத்தின் முதல் ஆறு சூத்திரம் பொது அதிகாரம், அடுத்த ஆறு உண்மை அதிகாரம். அவற்றையும் மும்மூன்றாக்கிப் பிரமாணம், இலக்கணம், சாதனம், பயன் என்று நான்கு இயலாக வகுப்பார்கள். பொருள் உண்டு என்று காட்டாமல் அதன் இலக்கணத்தைப் பேச முடியாது. வழியைச் சொல்லாமல் பயனுக்குப் போக முடியாது. உங்கள் மூன்றாம் இயலையும் நான்காம் இயலையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஒரு குறையும் தெரியவில்லையென்றால் வரிசை இன்னும் அமையவில்லை.

4. முன்னோர் ஆய்வுகளைப் பற்றிய பகுதி பெயர்ப் பட்டியலாக முடிந்துவிடக் கூடாது. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதர் தொடங்கிப் பதினான்கு தரப்பாரின் கொள்கையை அவரவர் சொல்வதுபோலவே முன்வைத்துவிட்டு, பிறகு மறுக்கிறார். நீங்கள் மறுக்கப்போகும் அறிஞர் உங்கள் பக்கத்தைப் படித்தால், “ஆமாம், நான் சொன்னது இதைத்தான்” என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இதில் நேர்மை தவறினால் என் மனம் மிகவும் வருந்தும்.

5. “ஆய்வாளரால் கள ஆய்வு மேற்கொள்ளப்பட்டது” என்று எழுதாதீர்கள். “பெண்ணாடத்துக் கரும்பு விவசாயிகளிடம் பேசினேன்” என்று எழுதுங்கள். ‘நான்’ கூடாது என்று துறையில் சொன்னால் “ஆய்வாளர் பேசினார்” என்று வையுங்கள். யார், யாரிடம், எங்கே என்பது தெரிந்தால் போதும். கடினமான நடையால் ஆழம் வராது.

6. முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். நூலின் வழி, எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று பாயிரத்தில் சொல்ல வேண்டியவற்றை நன்னூல் வரிசைப்படுத்தியிருக்கிறது. ஆய்வின் எல்லையை மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அங்கேதான் விழும்.

7. முடிவுரையில் இயல்களின் சுருக்கத்தைத் திரும்ப எழுதினால் அது கூறியது கூறல். கண்டதைச் சொல்லுங்கள், அடுத்து வருபவர் எங்கிருந்து தொடங்கலாம் என்று காட்டுங்கள்.

8. பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை என்று பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அதை நகலெடுக்கத் தந்த அனுமதியாக எண்ணாதீர்கள். பிறர் வரி ஒன்றை எடுத்தாலும் அடிக்குறிப்பு வேண்டும். நூலகத்தில் குறிப்பெடுக்கும்போதே பதிப்பாண்டையும் பக்க எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். சமர்ப்பிக்கும் வாரத்தில் அவற்றைத் தேடி அலைய நேரம் இருக்காது.